செயலியில் பிரெஞ்சு: காதுக்கு ஒன்று, எழுத்தில் வேறு. எங்கே தப்புகிறது?

அரைமாத்திரை கேட்டது:

செயலியில் முதல் நிலையான ஏ1 முடிந்து அடுத்த நிலை ஏ2 ஓடுகிறது, தினம் இருபது நிமிடம். மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

ஒன்று, கேட்டு எழுதும் பயிற்சி. "இல் பார்ல்" என்று கேட்கிறது. "அவன் பேசுகிறான்" என்று எழுதினால் தவறாம், "அவர்கள் பேசுகிறார்கள்"தான் விடையாம். மெதுவாக ஒலிக்கவிட்டாலும் வேறுபாடே இல்லை.

இரண்டு, ஆண்பால் பெண்பால். மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று செயலி சொல்வதில்லை. தப்பினால் ஒரு உயிர் போகும், ஐந்தும் போனால் பாடம் நின்றுவிடும்.

மூன்று, மைக். தெரு என்பதற்கான "ர்யூ" என்ற ஒற்றைச் சொல்லைப் பத்து முறை சொன்னாலும் ஏற்பதில்லை. நீளமான வாக்கியத்தை முணுமுணுத்தால் பச்சை விழுகிறது!

பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் ஏ2 தேர்வு எழுத வேண்டும். செயலியை விட்டுவிடலாமா, பக்கத்தில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாமா?

---

ஊமை எழுத்து:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் காதில் குறையில்லை, இரண்டும் ஒரே ஒலிதான். "பார்லே" (பேசுதல், எழுத்தில் இ-ஆர் முடிவு) வகை வினைகளில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் எழுத்து முடிவு மாறலாம், ஒலி "பார்ல்"தான். "இல்" என்பதன் பன்மையில் சேரும் எஸ்ஸும் ஊமை. முன்பின் இல்லாமல் ஒற்றை வாக்கியத்தை ஒலிக்கவிட்டு ஒரே விடையை ஏற்பது பயிற்சியை எழுதியவர் பிழை. "என் விடையும் சரி" என்று தெரிவிக்கும் பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டு நகருங்கள்.

ஆனால் காது பிரிக்கக்கூடிய இடங்கள் உண்டு, உழைப்பை அங்கே போடுங்கள். வினை உயிரொலியில் தொடங்கினால் அந்த ஊமை எஸ் விழித்துக்கொள்ளும். "விரும்புகிறான்" என்பது "இல் ஏம்". "விரும்புகிறார்கள்" என்பது "இல்-ஸேம்", நடுவில் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு ஸ். நம் புணர்ச்சி மாதிரிதான்: மெய் போய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்கிறது. பார்லே வகை அல்லாத பல வினைகளில் பன்மைக்கு மட்டும் கடைசி மெய் கேட்கும்: "முடிக்கிறான்" ஃபினி, "முடிக்கிறார்கள்" ஃபினிஸ், "விற்கிறான்" வான் (ன் மூக்கோடு நின்றுவிடும்), "விற்கிறார்கள்" வாந்த்.

சொல்லின் கடைசி மெய் பொதுவாக ஊமை. சி, ஆர், எஃப், எல் நான்கும் பெரும்பாலும் ஒலிக்கும். அதிலும் பார்லே போன்ற வினைச்சொல்லின் கடைசி ஆர் ஒலிக்காது, வெள்ளை என்பதற்கான "ப்லான்" கடைசியில் உள்ள சியும் ஒலிக்காது.

இன்னொரு வம்பு எண்கள். 70 என்பது அறுபது-பத்து, 80 நாலு-இருபது, 97 நாலு-இருபது-பதினேழு. பிரான்ஸில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக ஐந்து முறை சொல்வார்கள். "சுவாஸான்த்" (அறுபது) காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிட்டால் கெட்டது. அடுத்தது "செஸ்" (பதினாறு) என்று வந்தால் அது 76. முழு ஜோடியும் முடியும்வரை பேனா அசையக் கூடாது. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கு "செப்தான்த்", 90க்கு "நொனான்த்" என்று நேராகச் சொல்கிறார்கள். புண்ணியவான்கள்.)

---

கடைசி பெஞ்ச்:

சகோ, மைக் விஷயம் சிம்பிள். உங்க வாயிலிருந்து என்ன வரணும்னு செயலிக்கு முன்னாடியே தெரியும். நீளமான வாக்கியத்துல பாதி பொருந்தினாலே பாஸ் போட்டுடும். ஒற்றைச் சொல்லில் பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல. சோதிச்சுப் பாருங்க: "ஒரு"ங்கிறதுக்கு ஆண்பால்ல "அன்", பெண்பால்ல "யூன்". "யூன்" வர்ற இடத்துல வேணும்னே "அன்" சொல்லுங்க. பச்சை விழுந்தா அந்த மைக்கை அணைச்சுடலாம்.

அதுக்குப் பதிலா போன் விசைப்பலகைல பிரெஞ்சைச் சேர்த்து, குறிப்பு எழுதுற இடத்துல மைக்கைத் தொட்டுப் பேசுங்க. நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு அதுக்குத் தெரியாது. "மேலே"க்கு தெஸ்யூ, "கீழே"க்கு தெஸூ, மாத்தி மாத்தி அஞ்சஞ்சு தடவை. எல்லாமே "கீழே"ன்னு விழுந்தா நாக்கு பின்னாடி போகுதுன்னு அர்த்தம். "ஈ"ன்னு நீட்டுங்க, நாக்கை அசைக்காம உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவிங்க. அதுதான் அந்த யூ. உங்க ர்யூ ரூ ஆயிடுச்சுன்னா தெரு சக்கரமாயிடும்!

மூக்கொலிக்கு நமக்குப் பயிற்சியே வேண்டாம். பேச்சுல "மரம்" சொல்றப்ப கடைசி ம் உதட்டை மூடாம மூக்குல போகுதுல்ல? "நல்ல"ங்கிற பிரெஞ்சு "போன்" கிட்டத்தட்ட அதே முடிவு. "வந்தான்" முடிவு காத்துக்கான "வான்"ல, "வந்தேன்" முடிவு திராட்சை மதுவுக்கான "வேன்"ல. ன் எழுதுற இடத்துல நாக்கு மேலே ஒட்டிச்சுன்னா தப்பு.

---

ஒற்றுமிகா:

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது, பிரெஞ்சில் பெரும்பாலும் சொல்லின் வாலைப் பார்த்து ஊகிக்கலாம். "சியோன்" ஒலியோடு டி-ஐ-ஓ-என் என்று முடிபவை பெண்பால். "லிபெர்தே", "எகாலிதே" போலத் "தே"யில் முடியும் பண்புப்பெயர்கள் பெண்பால். "இஸ்ம்" ஆண்பால். "மான்" ஒலியோடு எம்-இ-என்-டி என்று முடியும் பெயர்கள் ஆண்பால் (பெண்குதிரைக்கான சொல்லும் அப்படித்தான் முடிகிறது, நல்லவேளை அது பெண்பால்). "ஆழ்" என்று முடிபவை ஆண்பால். படம், கடற்கரை, பக்கம், கூண்டு, வெறி, நீச்சல் ஆகிய ஆறும் அடிக்கடி எதிர்ப்படும் விலக்குகள். "ஓ" ஒலிக்கும் இ-ஏ-யு முடிவு ஆண்பால், ஆனால் தண்ணீரும் தோலும் பெண்பால். மேசைக்கு வால் உதவாது, மனப்பாடம்தான்.

சொற்களை மனப்பாடம் செய்ய நினைவட்டை போடும்போது பெயரைத் தனியாக எழுதாதீர்கள். "அன்" அல்லது "யூன்", பெயர், பெண்பாலில் ஒலி மாறும் ஒரு பெயரடை, மூன்றும் சேர வேண்டும். பச்சை என்பது ஆண்பாலுக்கு "வேர்", பெண்பாலுக்கு "வேர்த்". "யூன் தாப்ல் வேர்த்" என்று வாய்க்குப் பழகிவிட்டால் அந்தக் கடைசி த் மேசையின் பாலை நினைவில் வைத்துக்கொள்ளும். சிவப்பு உதவாது, இரு பாலுக்கும் ஒரே ஒலி. ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் புதிய அட்டை நாளுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், மூன்றாவது வாரத்தில் மறுபார்வை குவிந்து மூச்சு முட்டும்.

அட்டையில் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், ஆனால் மேலே "ஆழ்" என்று எழுதிய ழ தமிழ் ழகரம் அல்ல, நாக்கை மடித்தால் போச்சு.

உயிர் போகிறதே என்று சொற்கட்டைகளைத் தொட்டு அடுக்கினால் தேர்வில் கை ஓடாது. செயலியில் வசதி இருந்தால் கட்டையை அணைத்து விசைப்பலகைக்கு மாற்றுங்கள். மேற்குறிகளையும் விடாமல் இடுங்கள். சில செயலிகள் குறி இல்லாவிட்டாலும் மன்னித்துவிடும், ஆனால் "அல்லது" என்ற ஊவுக்கும் "எங்கே" என்ற ஊவுக்கும் எழுத்தில் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு.

ஆங்கிலம் வழியாகப் படித்தால் ஒரே "யூ"வில் "த்யூ"வும் "வூ"வும் குழம்பும். நேராக நீ, நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை, பன்மை இரண்டுக்குமே "வூ" வருவது நம் "நீங்கள்" போலவேதான்.

---

ஊமை எழுத்து:

தேர்வு பற்றி விட்டுப்போனது. டெல்ஃபில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. ஏ2 எழுத்துப் பகுதி 45 நிமிடம், இரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 60 சொல். பேச்சுக்குத் தயாரிப்பு பத்து நிமிடம், பேசுவது ஆறு முதல் எட்டு நிமிடம். கடைசி இரண்டுக்கும் கட்டை அடுக்கும் பயிற்சி உதவாது. இருபது நிமிடத்தில் பத்தைச் செயலிக்கு விட்டு, மீதிப் பத்தில் ஒரு நாள் 60 சொல் எழுதுங்கள், மறுநாள் இரண்டு நிமிடம் பேசிப் பதிந்து கேளுங்கள். கேட்டல் பயிற்சிக்கு டிவி5 மோந்த் தளத்தில் நிலைவாரியாக இலவசப் பாடங்கள் உண்டு.

---

அரைமாத்திரை:

நன்றி. ஒரு சந்தேகம்: படம் என்பது "லிமாழ்" என்று ஒட்டி வருகிறது. அட்டையில் பால் எப்படித் தெரியும்?

---

ஒற்றுமிகா:

அதனால்தான் ஆங்கில "தி" போன்ற "ல" (ஆண்பால்), "லா" (பெண்பால்) வேண்டாம், "அன்", "யூன்" போடச் சொன்னேன். உயிருக்கு முன் "ல"வும் "லா"வும் ஒன்றாகச் சுருங்கிவிடும், "யூன் இமாழ்" மறைக்காது. "என்" என்பதையும் நம்பாதீர்கள்: தோழி பெண்பால்தான், ஆனால் உயிரில் தொடங்குவதால் "மா" வராது, "மோன் அமி"தான். தோழனுக்கும் ஒலி அதேதான்.