நற்செய்தியைக் கேட்டும் திருமுழுக்கு பெறாமல் இறந்தவரின் மீட்பு – விளக்கம் தேவை

இயேசுவுக்கே புகழ். புதுச்சேரியில் பெரியவர்களுக்கான திருமுழுக்கு ஆயத்த வகுப்பு எடுக்கிறேன். வரும் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு பெறவிருக்கும் ஒரு பெண், "எங்கப்பா நரகத்துலயா சார் இருப்பாரு?" என்று கேட்கிறார். அப்பா இந்துவாகவே இறந்தவர். வில்லியனூர் மாதா தேருக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவாராம். புதிய ஏற்பாடும் படித்திருக்கிறார். ஞானஸ்நானம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

சிக்கலே அங்கேதான். கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'திருச்சபை' ஏடு (1964), எண் 16, தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவருக்கு மீட்பு உண்டு என்கிறது. இவர் அறியாதவர் இல்லையே! எண் 14-ஓ, திருச்சபை தேவை என்று அறிந்தும் நுழைய மறுப்பவர் மீட்படைய முடியாது என்கிறது.

திருத்தூதர் பணிகள் 4:12, 1 திமொத்தேயு 2:4, உரோமையர் 2:14-16 எல்லாம் வகுப்பில் பேசியாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 1257, திருமுழுக்கு போன்ற கடவுள் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. நம்பிக்கை தருகிறது, ஆனால் இவர் நிலையைத் தீர்க்கவில்லை. 1949-இல் பாஸ்டன் பேராயருக்கு ரோமிலிருந்து வந்த கடிதம் உள்ளார்ந்த விருப்பத்தை (வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் திருச்சபையில் சேரும் மனம் உள்ளுக்குள் இருப்பதை) ஏற்கிறது, அதுவும் அறியாமையில் இருப்பவருக்குத்தான். அப்பாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் (திருச்சபைச் சட்டம் 901) என்றதும் முகம் தெளிந்தது. ஆனால் திருச்சபைக்கு வெளியே இருப்பவருக்கு மீட்பில்லை என்னும் 1442 ஃபுளோரன்ஸ் பொதுச்சங்க ஆணையை போனில் படித்துவிட்டு மறுபடி கலங்கி நிற்கிறார். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

நற்செய்தியைக் காதால் கேட்டும் உள்ளத்தில் உறுதி பிறக்காதவர், எண் 14 சொல்லும் 'அறிந்து மறுப்பவர்' ஆகமாட்டார் என்று காட்டும் திருச்சபை ஏடு எது?