தேவையற்ற பிளக் பாயிண்டை எடுத்துவிட்டுச் சுவரைப் பூசி மூடலாமா?

குன்னூர் வாசகி:
எங்கள் பழைய வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைச் சமையலறையின் மறுசுவருக்கு மாற்றினோம். அங்கே முன்பு ஹீட்டருக்காக வைத்த 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று இருப்பதால், இப்போது அதன்மேல் தண்ணீர் தெறிக்கிறது. அதைக் கழற்றி, வயர் முனைகளில் டேப் சுற்றி உள்ளே தள்ளி, சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

மேஸ்திரி, கொடைக்கானல்:
தாராளமாகச் செய்யலாம், அம்மா. மெயினை அணைத்துவிட்டு, முனைகளைத் தனித்தனியே டேப்பால் இறுக்கிச் சுற்றி, பெட்டிக்குள் மடித்து வைத்துப் பூசினால் போதும். பல வீடுகளில் இப்படித்தான் செய்திருக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற வயர்மேன், கோத்தகிரி:
மேஸ்திரி ஐயாவின் பூச்சு வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த யோசனையை ஏற்கவே முடியாது. மெயினை மீண்டும் போட்டதும் அந்த ஃபேஸ் வயரில் 230 வோல்ட் வந்து நிற்கும். நம் மலையில் ஜூன் மாதம் தொடங்கும் மழையும் மூடுபனியும் சுவரை மாதக்கணக்கில் ஈரமாகவே வைத்திருக்கும். அந்த ஈரத்தில் டேப்பின் பசை விட்டுப்போய்ச் சுவரே மின்சாரத்தைக் கசியவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது அடிக்கடி விழுந்து எச்சரிக்கும். பழைய ஃபியூஸ் கட்டை மட்டும் உள்ள வீட்டில், இவ்வளவு சிறிய கசிவுக்கு ஃபியூஸ் போகாது. ஈரக் கையோடு குழாயைத் தொடுகிறவருக்குத்தான் அது தெரியவரும். சில ஆண்டுகள் கழித்து, அங்கே வயர் இருப்பதே தெரியாத ஒருவர் அலமாரி மாட்ட டிரில்லிங் மிஷினைச் சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை இரண்டே வழிகள்தான். அந்த வயர் புறப்படும் போர்டிலேயே ஃபேஸையும் நியூட்ரலையும் கழற்றிவிட்டால் அது வெறும் செம்புக் கம்பி. அதன்பின் எப்படி வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். அப்படிச் செய்ய இயலாவிட்டால், முனைகளைக் கனெக்டரில் முடுக்கி, பெட்டியை அப்படியே விட்டு, திருகாணி போட்ட டம்மி பிளேட்டால் (துளையில்லாத வெற்று மூடியால்) மூட வேண்டும். மின்னோட்டம் உள்ள இணைப்பு எதுவும் திறந்து பார்க்க முடியாத இடத்தில் இருக்கக் கூடாது.

ஊட்டி இளைஞர்:
ஐயா சொல்வது சரி. ஆனால் நான்கு திருகாணிகளைக் கழற்றி டம்மி பிளேட் மாட்டுவதற்கு எதற்காக ஆளை அழைக்க வேண்டும்? எம்.சி.பி.யை, அதாவது போர்டில் அந்த லைனுக்கான தானியங்கி சுவிட்சை, அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு அம்மாவே செய்துகொள்ளலாமே!

ஓய்வுபெற்ற வயர்மேன், கோத்தகிரி:
தம்பி, மரம் விழுந்து அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்பதால் இங்கே பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்தாலும் அதில் இணைந்த வயர்களில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். டெஸ்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து. மரத்தரையில் நின்று பார்த்தால் அதன் விளக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக எரியக்கூடும். மின்சாரம் இருக்கும் என உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மல்டிமீட்டரைச் சோதித்துவிட்டு, இங்கே ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்றையும் அளந்து, மீண்டும் பழைய இடத்தில் சோதித்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு, சுவிட்ச், ஃபியூஸ் போன்றவற்றை இணைப்பின் திறனோ தன்மையோ மாறாமல் மாற்றிக்கொள்வதைத் தவிர, மற்ற வயரிங் வேலைகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலும், 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும் இருந்தது; அவற்றின் இடத்தில் 2023-இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் உள்ளது. ஒரு பாயிண்டையே நீக்குவதை வெறும் மாற்றிப் போடுதலாக நான் கருதவில்லை.

மேஸ்திரி, கொடைக்கானல்:
ஈரத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் செய்த வீடுகளை நினைத்தால் மனம் உறுத்துகிறது. ஆனால் தொட்டிக்கு ஓரடி தூரத்தில் டம்மி பிளேட் வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கனெக்டரில் பச்சை பிடிக்கும். இந்த வீட்டில் போர்டிலேயே கழற்றுவதுதான் வழி.

ஓய்வுபெற்ற வயர்மேன், கோத்தகிரி:
இந்த இடத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி. ஆனால் கழற்றும் முன், வேலைக்கு வரும் வயர்மேனை அம்மா ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். சாக்கெட்டின் ஒவ்வொரு முனையிலும் ஒரே வயர் இருந்தால் அதுதான் கடைசி பாயிண்ட். இரண்டிரண்டாக இருந்தால், அங்கிருந்து வேறோர் இடத்துக்கு லைன் போகிறது. அவசரப்பட்டு வெட்டினால் அந்த இடத்தின் எர்த்தும் அறுந்துபோகும். மற்றக் குறைகள் உடனே தெரிந்துவிடும். எர்த் போனது மட்டும் தெரியாது, சாதனம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்.

குன்னூர் வாசகி:
உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் இன்று வந்து திறந்து பார்த்தார். முனைக்கு இரண்டு வயர்கள் இருந்தன. எங்கள் ஃபிரிட்ஜுக்கான லைன் அங்கிருந்துதான் போகிறது. ஃபிரிட்ஜுக்குப் போர்டிலிருந்து சுவரின் மேற்புறமாக, எர்த்தோடு புது வயர் இழுத்துவிட்டு, பழையதைப் போர்டிலேயே கழற்றிவிட்டார். நாளை பெட்டியைப் பெயர்த்தெடுத்துப் பூசப் போகிறோம்.