ஏப்ரல்ல தீர்த்தன் போறோம், ட்ரவுட் புடிக்க. 15 கிலோ பையில என்னத்த வெக்கறது?

பாலக்கோட்டான்:
வணக்கம் மக்களே. நானும் மச்சானும் ஏப்ரல் ரெண்டாவது வாரம் ஹிமாச்சல் போறோம், தீர்த்தன் பள்ளத்தாக்கு, குஷைனி பக்கம் ஹோம்ஸ்டே போட்டாச்சு. ஃப்ளை ஃபிஷிங் தான் ப்ளான், பூச்சி மாதிரி இறகு, நூல் கட்டுன கொக்கிய எறிஞ்சு புடிக்கறது. ராட் (தூண்டில் கம்பு) 5 வெயிட், அதாவது 5ம் நம்பர் லைனுக்கானது, 9 அடி, நாலு துண்டா கழட்டறது. கேஸ்டிங், அதான் லைன் எறியறது, எல்லாம் பாரூர் ஏரியில ஜிலேபி மீன வெச்சு பழகுனது தான், ட்ரவுட்ட இதுவரைக்கும் போட்டோல தான் பாத்திருக்கேன். மீன் வருதோ இல்லையோ அத விடுங்க, இப்ப பிரச்சனை துணிமணி. நம்ம ஊர்ல டவுசரோட தண்ணில இறங்கி நின்னு பழகுன ஆளு நான், அங்க போன்ல வெதர் பாத்தா ஒரு நாள் 22 டிகிரி நல்ல வெயிலுங்குது, மறுநாள் 7 டிகிரி மழைங்குது, மேல ஜலோரி பாஸ்ல (மலைக்கணவாய்) பனின்னு வேற போட்டிருக்கான். பெங்களூர் டு டெல்லி ஃப்ளைட்டு, அங்கிருந்து நைட் பஸ்ல ஔட்ல இறங்கி பஞ்சார் வழியா போகணும். ஃப்ளைட்ல 15 கிலோ தான் விடறான், கைப்பை 7. மச்சான் அதுக்குள்ள தடி ஜெர்கின் ஒண்ணு, ஜீன்ஸ் மூணுன்னு அடுக்கிட்டான், அதுலயே பாதி பை போச்சு. வேடர்னு தண்ணி புகாத பேண்ட்டு நெஞ்சு வரைக்கும் போடறாங்களே, அது வாங்கியே ஆகணுமா? பைக் ரெயின்கோட்டு போதுமா? போனவங்க சொல்லுங்க.

ஓசூர் ரீல்:
தம்பி, முதல்ல அந்த ஜீன்ஸ வெளிய எடுக்க சொல்லு. மூணும். பஸ்ல போட்டுட்டு போற ஒண்ணு போதும், அதையும் ஆத்துக்கு கொண்டு போகாத. காட்டன் நனைஞ்சா தண்ணிய புடிச்சு வெச்சுக்கும், அங்க சாயங்காலம் காத்து அடிக்கும்போது உடம்பு சூட்ட மொத்தமா உறிஞ்சிடும், ராத்திரி ரூம்ல காயவும் காயாது. பனியன், லுங்கி, காட்டன் சாக்ஸ் எல்லாத்துக்கும் இதே கதை தான். திருப்பூர் சர்ப்ளஸ் கடையில பாலியஸ்டர் ஃபுல் ஹேண்ட் டீஷர்ட் சல்லிசா கிடைக்கும், அதுல ரெண்டு எடு, உடம்போட ஒட்டுனாப்ல இருக்கணும். அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃப்லீஸ், அந்த மெத்துன்னு இருக்கற செயற்கை கம்பளி. அதுக்கும் மேல பஃபர் (உள்ள பஞ்சு அடைச்ச ஜாக்கெட்) மாதிரி மடிச்சா கைக்குள்ள அடங்கற ஒண்ணு. எல்லாத்துக்கும் மேல மழை ஜாக்கெட். இந்த நாலும் ஒரே நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், கைய தலைக்கு மேல தூக்கி கேஸ்ட் பண்ண முடியணும், அத வீட்லயே போட்டு பாத்துட்டு கிளம்புங்க. ஒரே தடி ஜெர்கின்னா உனக்கு ரெண்டே நிலைமை தான், ஒண்ணு வேர்த்து ஊத்தும், இல்ல கழட்டிட்டு நடுங்கணும், நடுவுல ஒண்ணும் கிடையாது. அந்த பள்ளத்தாக்குல காலைல 8 மணி வரைக்கும் வெயில் ஆத்துல விழாது, 11 மணிக்கு தோல் எரியும், மூணு மணிக்கு மேகம் கட்டும். ஒரே நாள்ல நாலு தடவ போட்டு போட்டு கழட்டுவீங்க.

மார்ச் ஏப்ரல் மழை நம்ம ஊர் கோடை மழை மாதிரி அரைமணி நேரம் கொட்டிட்டு போறதுன்னு நெனைக்காத. வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்னு நியூஸ்ல சொல்வாங்களே, மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வர்றது, அது வந்துச்சுன்னா ரெண்டு நாளு கூட நச நசன்னு ஊத்தும், மேல பாஸ்ல அதுவே பனியா விழும். குஷைனி ஏறக்குறைய 1500 மீட்டர், ஜலோரி 3100 மீட்டருக்கு மேல. ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமாரா ஆறு டிகிரி குறையும், கணக்கு போட்டுக்க. போன்ல காட்டற டிகிரி எந்த உயரத்துக்குன்னு பாக்காம பேக் பண்ணா வேலைக்கு ஆகாது.

வேடர் வாங்கணும். நியோப்ரீன்னு தடி ரப்பர்ல வர்றது வேண்டாம், கனம், நடந்தா வேர்க்கும். வேர்வை ஆவிய வெளிய விடற பிரீதபிள் டைப்புல ஸ்டாக்கிங் ஃபுட் வாங்கு, பாதம் சாக்ஸ் மாதிரி இருக்கும், ஷூ தனியா வரும். இடுப்புல பெல்ட் கட்டாம தண்ணில கால் வெக்காத, விழுந்தா உள்ள தண்ணி ரொம்பி எந்திரிக்கவே விடாது. இது ஒண்ணு மட்டும் பேரம் பேசற விஷயம் இல்ல.

அரூர் மச்சி:
ஓசூர் அண்ணா சொல்றது எல்லாம் சரி தான் ஆனா வேடர் எதுக்குங்கண்ணா முதல் தடவ போறவனுக்கு? காசும் ஜாஸ்தி, ஷூவோட சேத்தா மூணு கிலோ கிட்ட வரும், அதுவும் திரும்பி வரும்போது ஈரமா இருந்தா இன்னும் கனம். தீர்த்தன் ஒண்ணும் காவிரி இல்ல, பாதி இடத்துல கரையில இருக்கற பாறை மேல நின்னே எறியலாம். அங்க லோக்கல் ஆளுங்க கிட்ட வாடகைக்கு கிடைக்குதான்னு ஹோம்ஸ்டேல ஒரு போன் போட்டு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ரெயின்கோட்டு: பைக் ரெயின்கோட்டு மேல் சட்டை மட்டும் எடுத்துட்டு போனா ஓகே தான், கெட்டி பிவிசின்னா உள்ள வேர்த்து வெளிய மழை உள்ளயும் மழை. கை மணிக்கட்டு கிட்ட ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க, கைய தூக்கி எறியும்போது தண்ணி அப்படியே முழங்கை வழியா அக்குள் வரைக்கும் வரும்.

ஓசூர் ரீல்:
பாறை மேல நின்னு எறிஞ்சா உன் நிழல் தண்ணில விழும் மச்சி, ட்ரவுட் ஓடிடும். கீழ இறங்கி கல்லுக்கு பின்னாடி மறைஞ்சு, மீனுக்கு பின்பக்கமா நின்னு, தண்ணி வர்ற திசைய பாத்து எறியணும். அது பனி உருகி வர்ற தண்ணி, அஞ்சு நிமிஷத்துல கால் மரத்துடும். மரத்துப்போன காலோட வழவழ கல்லு மேல நடந்து பாரு. வாடகை ஐடியா நல்லா இருக்கு, ஆனா சைஸ் இருக்கணுமே, மச்சான் ஆளு எப்படியோ.

பாலக்கோட்டான்:
மச்சான் 105 கிலோண்ணா 😂 வாடகைக்கு கிடைச்ச மாதிரி தான்.

மாங்கனி கிருஷ்ணகிரி:
சும்மா கேக்கறேன், இவ்வளவு செலவு பண்ணி ஹிமாச்சல் எதுக்கு, ஒகேனக்கல் கீழ போனா மஹசீர் இருக்கே, ட்ரவுட்ட விட பெரிய மீனு, ஜெர்கினும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்

தொப்பூர் கணவாய்:
@மாங்கனி அந்த பக்கம் காவிரிக்கரை காடு நெறைய சரணாலயம் ஆயிடுச்சுங்க. காவிரி தெற்கு சரணாலயம் 2022ல அறிவிச்சாங்க, வடக்கு அதுக்கு முன்னாடியே. உள்ள போய் தூண்டில் போட்டா கேஸ் தான். அதுவும் திமில் மஹசீர் காவிரி ஆத்து அமைப்புல மட்டும் இருக்கறது, அழியற நிலைமையில கடைசி படிக்கட்டுல நிக்குது. அத விட்டுடுங்க.

பாலக்கோட்டான், எல்லாரும் துணிய பத்தி பேசிட்டாங்க, நான் தண்ணிய பத்தி சொல்றேன். வானத்த மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க. கபினில திறந்தா இங்க ஒரு சொட்டு மழை இல்லாமயே ஒகேனக்கல்ல பரிசல நிறுத்தறாங்க இல்ல, அங்கயும் அதே தான். காலைல முட்டி அளவு இருக்கற ஆறு மத்தியானத்துக்கு மேல பனி உருகி ஏறும், மேல மலைல மழை பெஞ்சா இன்னும் சீக்கிரம். தண்ணி கலங்க ஆரம்பிச்சா, இலை தழை மிதந்து வந்தா அடுத்த கேஸ்ட் போடணும்னு நிக்காம கரையேறுங்க. ஆத்த கடந்து அக்கரை போனீங்கன்னா மத்தியானத்துக்குள்ள திரும்பிடுங்க. ஔட் வழியா தான போறீங்க, பியாஸ் ஆத்துல லார்ஜி அணைக்கு கீழ போட்டோ எடுக்க கூட இறங்காதீங்க, 2014 ஜூன்ல அங்க தான் திடீர்னு தண்ணி வந்து ஹைதராபாத் காலேஜ் பசங்க 24 பேர் போனாங்க, அது மழை தண்ணி இல்ல, அணைய திறந்து விட்ட தண்ணி.

லைசன்ஸ் ஃபிஷரீஸ் டிபார்ட்மெண்ட்ல எடுக்கணும், ஹோம்ஸ்டேகாரங்களே சொல்லுவாங்க எங்கன்னு. நவம்பர் 1ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் ட்ரவுட்டுக்கு தடை, ஏப்ரல்ல போறதால உங்களுக்கு பிரச்சனை இல்ல.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தண்ணி ஏர்ற விஷயம் யோசிக்கவே இல்ல. வேடர் ஒண்ணு நான் வாங்கிக்கறேன், மச்சானுக்கு சைஸ் தேடிட்டு இருக்கோம். ஷூ அடியில ஃபெல்ட்டா (கம்பளி மாதிரி அழுத்துன துணி) ரப்பரா? ரெண்டுமே வருது. அப்புறம் பாரூர்ல யூஸ் பண்ண அதே லைன் அங்க போதுமா, இல்ல வேற எடுக்கணுமா? கொக்கி எல்லாம் ஃப்ளைட்ல விடுவானா?

ஓசூர் ரீல்:
லைன் பெட்டி மேல என்ன போட்டிருக்குன்னு பாரு. ட்ராபிகல்னு இருந்தா அது நம்ம ஊர் வெயிலுக்குன்னே செஞ்சது, குளுர் தண்ணில விறைச்சு சுருள் சுருளா கம்பி மாதிரி நிக்கும், கேஸ்ட் போகாது. ட்ரவுட்டுக்கு வர்ற சாதா ஃப்ளோட்டிங் லைன், குளுர் தண்ணிக்கான கோர் (உள்ள ஓடற நரம்பு), அது தான் வேணும். அத இங்க கொண்டு வந்து மே மாசம் பாரூர்ல எறிஞ்சா பிசுபிசுன்னு ஒட்டும், அதனால ரெண்டு ஸ்பூல் வெச்சுக்க, ரீலு ஒண்ணே போதும். லைன் நுனியில கட்டற மெல்லிசு நரம்பு லீடர் 9 அடி, அதுக்கும் நுனியில கொக்கி கட்டற டிப்பெட் 4எக்ஸ், 5எக்ஸ்னு ரெண்டு சுருள். 5எக்ஸ்னா 0.15 மில்லிமீட்டர், நம்ம ஜிலேபிக்கு கட்டற நரம்ப விட மெல்லிசு, அதனால மீன் அடிச்சா வெடுக்குன்னு இழுக்காத. ஃப்ளைல (பூச்சி கொக்கி) ஃபெசண்ட் டெயில், ஹேர்ஸ் இயர், ஆடம்ஸ்னு வர்ற வகை, கலங்குன தண்ணிக்கு கருப்பு வூலி பக்கர், இது போதும், சின்ன டப்பா.

அடிப்பாகம்: ஃபெல்ட் வழவழ கல்லுல நல்லா புடிக்கும், ஆனா பனியில நடந்தா அடியில பனி உருண்டையா ஒட்டிக்கும், அது இல்லாம ஒரு ஆத்து பாசி, கிருமிய இன்னொரு ஆத்துக்கு தூக்கிட்டு போகும். நியூசிலாந்துல இதுக்காகவே 2008ல ஃபெல்ட்ட தடை பண்ணாங்க. ரப்பர் அடியில ஆணி போட்டது எடு. எதுவா இருந்தாலும் பாரூர்ல போட்ட ஷூன்னா நல்லா தேய்ச்சு கழுவி, தொட்டா ஈரம் இல்லாம காஞ்சதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் காயவிட்டுட்டு எடுத்துட்டு போ.

அரூர் மச்சி:
கொக்கி, ஃப்ளை டப்பா, கத்தரி எல்லாம் செக்கின் பேக்ல. ராட் ட்யூபையும் அதுலயே போட்ருங்க, கைல எடுத்துட்டு போனா செக்யூரிட்டில நிக்க வெச்சு பேசுவாங்க. பவர்பேங்க் மட்டும் கைப்பையில, அது செக்கின்ல போகக்கூடாது. 15 கிலோ தாண்டுற மாதிரி இருந்தா வேடிங் ஷூவ கால்ல போட்டுட்டே ஏறுங்க, ஃப்லீசும் மழை ஜாக்கெட்டும் இடுப்புல. ஆணி போட்ட ஷூன்னா வேண்டாம், பீப் அடிக்கும்.

கூலிங் கிளாஸ் போலரைஸ்டு தான் எடுக்கணும், சாதா கிளாஸ்ல தண்ணி மேல மினுக்கறது தான் தெரியும், மீன் தெரியாது. காத்து திரும்பி கொக்கி மூஞ்சிக்கு வந்தா கண்ணும் தப்பிக்கும். தொப்பியும் அதுக்கே.

அப்புறம் கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி. மத்தது எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணுங்க.

தொப்பூர் கணவாய்:
மாத்து துணி ஒரு செட்ட உரச்சாக்கு உள்ள வர்ற அந்த பிளாஸ்டிக் கவர் மாதிரி கெட்டி கவர்ல சுத்தி கட்டி, ஆத்துக்கு போகும்போதும் முதுகுல வெச்சிருங்க, ரூம்ல விட்டுட்டு போகாதீங்க. ராத்திரி ஷூவுக்குள்ள பேப்பர கசக்கி திணிச்சா காலைல ஓரளவு காஞ்சிருக்கும். வேடர ரூம்ல இருக்கற விறகு அடுப்பு கிட்ட தொங்க விடாதீங்க, சூடு பட்டா தண்ணிய தடுக்கற அந்த மெம்ப்ரேன் படலம், தையல் டேப் எல்லாம் பிரிஞ்சிடும். உள்பக்கத்த வெளிய திருப்பி போட்டு சும்மா காத்துல விட்டாலே போதும்.

பாலக்கோட்டான்:
நோட் பண்ணிக்கிட்டேண்ணா. மச்சான் கிட்ட இத காட்டுனேன், ஜீன்ஸ் ரெண்ட எடுத்துட்டு அந்த இடத்துல ஊறுகா பாட்டிலும் எள்ளுருண்டையும் வெச்சிட்டு இருக்கான். 105 கிலோக்கு வேடர் சைஸ் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.