பொருள்: ஃபிரிட்டிலாரியா – கவற்றுமலரா, தொங்குமணியா?

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளிக்காக, குளிர்காலத்தைக் கடந்தே பூக்கும் குமிழச் செடிகளை (வெங்காயம் போன்ற குமிழத்திலிருந்து முளைப்பவை) பற்றிய சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவற்றுள் ஃபிரிட்டிலாரியா என்ற பேரினத்தின் பெயர் மட்டும் இன்னும் தமிழாகவில்லை. அதற்கு நம் குழுவில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நண்பர் முன்மொழிந்த 'கவற்றுமலர்' இலக்கணப்படி பழுதற்றது. கவறு (சூதாட உருட்டும் காய்) உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் றகரம் இரட்டுவது நன்னூல் நெறி. 'கவறும் கழகமும் கையும்' என வள்ளுவரும் ஆண்டிருக்கிறார். இலத்தீன் மூலச்சொல் கவறு குலுக்கும் குவளையைக் குறிப்பதும் உண்மையே. ஆயினும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கவறு எதுவென்று விளக்கிய பிறகே பூவுக்கு வர முடியும் என்பதால் நான் தயங்குகிறேன்.

அம்மையார் தந்த 'கட்டப்பூ' உடனே விளங்குகிறது. ஈரப் புல்வெளிகளில் சித்திரை வாக்கில் பூக்கும், இப்பேரினத்தின் மெலியாகிரிஸ் இனத்தின் இதழ்களில், கைலியில் காண்பது போலவே ஊதாக் கட்டங்கள் உள்ளன. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கினிக்கோழியின் புள்ளிச் சிறகை எண்ணி அதற்குப் பெயரிட்டதும் இதனாலேயே. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த, செம்மஞ்சளாகவோ மஞ்சளாகவோ கொத்தாகப் பூக்கும் இம்பீரியாலிஸ் இனத்தில் கட்டமே கிடையாது. பெரும்பாலான இனங்களுக்குப் பொதுவானது பூ மணிபோல் தலைகவிழ்ந்து தொங்குவதே. ஆகவே பேரினத்துக்குத் 'தொங்குமணி' என்றும், மெலியாகிரிஸுக்குக் 'கட்டமணி' என்றும் வைக்கலாம். தொங்குமணி வினைத்தொகையாகையால் புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.

'மணிக்காந்தள்' கேட்டவருக்கும் ஒரு நியாயம் உண்டு: இமயமலையில் வளரும் சிரோசா இனத்தின் மேலிலைகள் காந்தளைப் போல நுனி சுருண்டு பற்றுகின்றன. எனினும் காந்தள் இன்று வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அந்தச் சிரோசாவின் குமிழத்தைத்தான் நம் ஊர்ச் சீன மருந்துக்கடைகளில் இருமலுக்குச் 'சுவான் பெய்' என்று விற்கிறார்கள். 'பெய்' என்றால் சோழி. குமிழத்தின் வடிவத்தால் வந்த பெயர். நாம் தாயம் ஆட உருட்டுவதும் சோழியே. இலத்தீனின் கவறும் சீனத்தின் சோழியும் நம் திண்ணையில் வந்து சேர்வதைக் கண்டபோது, இரண்டு நாள் 'சோழிமலர்' என்பதை விட மனமில்லாமல் இருந்தேன். பூவில் சோழி தெரியாது என்று பலரும் மறுத்ததை ஏற்கிறேன்.

இதுவரை எழுதியோரில் மிகுதியானவர்கள் தொங்குமணிக்கு இசைந்துள்ளனர். கவற்றுமலரை முன்மொழிந்தவர் மட்டும், மூலச்சொல்லைக் கைவிட்ட பெயர் விளக்கமே தவிர கலைச்சொல் ஆகாது என்கிறார். வியாழன் இரவுக்குள் புதிய காரணம் வராவிட்டால் தொங்குமணி என்றே அச்சிட்டு, அவருடைய சொல்லையும் கீழே சிறிய எழுத்தில் சேர்க்கிறேன்.