மறு: எண்ணெய் ஓவியத்துக்கு ‘ஈரமேல் ஈரம்’ பொருந்துமா? ‘உடன்பூச்சு’ என்று ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். நம் ஓவியக் கலைச்சொல் பட்டியலில் ‘wet-on-wet’ முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், முன்வந்த இரண்டு பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> முதல் பூச்சு காயுமுன் அதன்மேலேயே அடுத்த வண்ணத்தை இடுவதற்கு ‘ஈரமேல் ஈரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டவுடன் புரியும்.

ஐயா, நீர்வண்ணத்துக்கு இந்தச் சொல் கச்சிதம். நனைந்த தாளில் தூரிகை நுனி பட்டாலே சாயம் தானாகப் பரவும். எண்ணெய் வண்ணத்துக்கும் இதையே நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தில் தண்ணீரே கிடையாது. அது ஆவியாகிக் காய்வதுமில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதுவரை இட்ட இடத்திலேயே நிற்கும், நாம் இழுத்தால்தான் நகரும்.

இங்கே கும்பகோணத்தில் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து கரையோர ஓட்டு வீடுகளைத் தீட்டப் பழகுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது ஆறு செம்பழுப்பாக ஓடும். அந்தப் பழுப்பை முதலில் கித்தானில் மெல்லிசாகப் பரப்பிவிட்டு, ஓட்டின் சிவப்பைத் தட்டைத் தூரிகையில் நிறைய எடுத்துக் குறுக்காக ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். சிவப்பின் ஓரங்கள் அடியிலுள்ள பழுப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கூரையின் நிழல் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதுபோல் தெரியும். பழுப்பு இறுகியபின் அதே சிவப்பை இட்டால் ஒட்டிவைத்த காகிதம்போல் மேலேயே நிற்கும். இறுகாதபோதும் இரண்டு மூன்று முறை தேய்த்துவிட்டால் இரண்டு நிறமும் கெட்டுச் சேறாகிவிடும். ஆக, நாம் பெயர் வைக்கவேண்டியது ஈரத்துக்கு அல்ல, இரண்டு வண்ணங்களும் தூரிகையின் கீழ் சந்திக்கும் அந்த நேரத்துக்கு.

> ‘பச்சைப்பூச்சு’? பச்சை மண், பச்சைப் புண் என்கிறோமே.

அருமையான வழக்கு. இறுகாத நிலையை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் சொல் நம்மிடம் இல்லை. ஆனால் வண்ணத்தட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘பச்சைப்பூச்சின்மேல் மஞ்சள் இடு’ என்றால் அவர் எந்தப் பச்சையைத் தேடுவார்? ‘இளம்பூச்சு’ என்றாலும் இதே சிக்கல்தான். இளநீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்தின் வெளிர்மைக்கு அந்த அடை ஏற்கெனவே போய்விட்டது.

என் பரிந்துரை ‘உடன்பூச்சு’. ‘உடனே’ என்ற பொருளும் ‘சேர்ந்து’ என்ற பொருளும் அந்த முன்னொட்டில் இருக்கின்றன. இந்த முறைக்கு இரண்டுமே தேவை. இறுகியபின் இடுவது ‘பின்பூச்சு’. இந்த இணை பயிற்றுவிக்கவும் உதவும். பின்பூச்சில் மேலே போகப்போக எண்ணெய் கூடவேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் வெடிப்பு விடும். உடன்பூச்சில் கவனிக்கவேண்டியது தடிமன்: அடியில் மெல்லிசு, மேலே கனம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரே அமர்வில் படத்தை முடிக்கும் ‘அல்லா பிரிமா’ முறைக்கும் இதே சொல்லைப் போட்டுவிடக் கூடாது. அதற்கு ‘ஓரமர்வு ஓவியம்’ என்று தனியே வைப்போம். உணர்வுப்பதிவு (இம்ப்ரெஷனிச) ஓவியர்கள் எல்லாப் படங்களையும் ஒரே அமர்வில் முடித்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. அவர்களில் ஒருவரான மோனே, 1892, 1893 ஆண்டுகளில் பிரான்சின் ரூவான் நகரில் அங்குள்ள தேவாலயத்தைப் பலமுறை தீட்டத் தொடங்கிய பட வரிசையை, ஜிவெர்னி என்ற ஊரில் தம் ஓவியக்கூடத்தில் 1894 வரை தொடர்ந்து தீட்டினார். இறுகிய பூச்சின்மேல் பூச்சாக ஏறி, சொரசொரப்பான காரைபோல் ஆன படங்கள் அவை. அவற்றில் உடன்பூச்சும் உண்டு, பின்பூச்சும் உண்டு. ஓரமர்வு மட்டும் இல்லை.

ஆற்றங்கரை ஊர்களைத் தீட்ட விரும்புகிறவர்கள் மோனேயைவிட, அதே குழுவைச் சேர்ந்த சிஸ்லேயின் படங்களைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. 1889 முதல் 1899இல் இறக்கும்வரை பிரான்சில் மோரே என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, லுவான் ஆற்றுப் பாலத்தையும் ஆலைகளையும் கரை வீடுகளையும் திரும்பத் திரும்பத் தீட்டியவர்.

‘உடன்பூச்சு’, ‘பின்பூச்சு’, ‘ஓரமர்வு ஓவியம்’ மூன்றையும் பட்டியலில் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, வகுப்பில் ஓவியம் சொல்லித்தருகிறவர்கள் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து