பிரஷர் ட்ராப் சரி, ஆனால் கம்ப்யூட்டர் மாடலில் தூள் பொங்குகிறது. ஏன்?

கருப்பூர்க்காரன்:
சேலத்தில் எம்.டெக் கடைசி வருடம். சராசரி 60 மைக்ரான் மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட் கனிமம்) தூளை 10 செ.மீ. அக்ரிலிக் குழாயில் 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, அடியிலிருந்து காற்று விடுகிறோம். லேபில் 40 செ.மீ. வரை எழும்புகிறது, மேலே குமிழ் உடைவது நன்றாகத் தெரிகிறது. எம்ஃபிக்ஸ் சிமுலேஷன் மென்பொருளில் டூ-ஃப்ளூயிட் மாடல் (தூளையும் ஒரு பாய்மமாக எடுப்பது), கிடாஸ்போ ட்ராக் (காற்று துகளை இழுக்கும் விசைக்கான சூத்திரம்), 5 மி.மீ. மெஷ் (கணக்குக்காகப் பிரித்த கட்டங்கள்) என்று போட்டால் தூள் குழாய் உச்சி வரை பொங்குகிறது, குமிழே கிடையாது. ரெஸ்டிட்யூஷனை (துகள் மோதித் திரும்பும் வேக விகிதம்) 0.9 முதல் 0.99 வரை மாற்றியும் அதேதான். பிரஷர் ட்ராப் (படுகையின் அடிக்கும் மேலுக்கும் உள்ள காற்றழுத்த வித்தியாசம்) மட்டும் லேபோடு ஒட்டிவருகிறது, அதனால் மாடல் சரி என்கிறார் கைடு. ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகக் கணக்கிடும் டி.இ.எம். முறைக்குப் போய்விடலாமா?

அஸ்தம்பட்டி:
பிரஷர் ட்ராப்பை நம்பாதீங்க தம்பி. தூள் மிதக்க ஆரம்பித்துவிட்டால் காற்று சுமப்பது அதன் எடையை, அவ்வளவுதான். அடர்த்தி கன மீட்டருக்கு 3000 கிலோ, பாதி இடம் தூள், உயரம் 0.3 மீட்டர், கையால் போட்டாலே 4.4 கிலோபாஸ்கல் வந்துவிடும், ட்ராக் எவ்வளவு தப்பாக இருந்தாலும். ஒப்பிட வேண்டியது உயரத்தையும் குமிழையும்.

உங்கள் தூள் கெல்டார்ட் ஏ வகை, அதாவது காற்றில் எளிதாக மிதக்கும் நுண்தூள். துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேரும், காற்று கொத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 5 மி.மீ. செல் என்பது 80 துகள் விட்டத்துக்கு மேல், அதற்குள் இருக்கும் கொத்து மாடலுக்குத் தெரியாது, எல்லாம் சீராகப் பரவியிருப்பதாக நினைத்து ட்ராக்கை ஏற்றிவிடும். எர்கன் (1952) சமன்பாடு அடைத்துவைத்த படுகைக்கு, வென்-யூ (1966) சீரான கலவைக்கு. கிடாஸ்போ இரண்டையும் 0.8 காலியிட விகிதத்தில் (80 சதவீதம் காற்று) ஒட்டவைத்தது, அதிலும் கொத்துக்கு இடமில்லை. முதலில் 2டியில் 0.6 மி.மீ. மெஷ் ஓட்டிப் பாருங்க, ஏ வகைக்கு அதுவும் போதாமல் போகலாம். அப்புறம் ஃபில்டர்டு ட்ராக், இல்லையென்றால் ஈ.எம்.எம்.எஸ்., இரண்டும் கொத்தைக் கணக்கில் எடுத்து ட்ராக்கைத் திருத்தும் முறைகள்.

மேட்டூர் ரோடு:
டி.இ.எம். வேண்டாம். கணக்குப் போட்டால் உங்கள் குழாயில் ஏறத்தாழ ஆயிரம் கோடி துகள். பல துகள்களை ஒரே பார்சலாகக் கட்டும் எம்.பி-பிக் முறை எம்ஃபிக்ஸிலேயே இருக்கிறது, ஆனால் அதிலும் ட்ராக் சிக்கல் இதேதான்.

கருப்பூர்க்காரன்:
நன்றி அண்ணா. 0.6 மெஷ் ஓடிக்கொண்டிருக்கிறது, குமிழ் தலைகாட்டுகிறது! உயரமும் இறங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் 40-க்கு வரவில்லை. இது சரியானதும் சூட்டோடு ஓட்ட ஆசை.

சூளைக்காரர்:
சூடு ஏற்றினால் இதே செட்டிங்கை வைக்காதீங்க. மேக்னசைட் வெந்தால் கார்பன் டை ஆக்சைடாக 52 சதவீத எடை போய்விடும், துகள் லேசாகும், படுகைக்குள்ளேயே வாயு பிறக்கும். மேலே போகப்போக வாயு வேகம் கூடும். அதற்கு முன்னால் தூளைச் சல்லடையில் போட்டுப் பாருங்க தம்பி, சராசரி 60 என்றாலும் 20 மைக்ரான் பொடி எவ்வளவு கிடக்கிறது என்று தெரியணும், முதலில் பறக்கப்போவது அதுதான்.