புதுப்பிப்பு: குளியலறைக் கசிவு, கடைசியில் யார் செலவு?

போன வாரம் கேட்டிருந்தேனே, குளியலறை சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கமோ "உங்கள் வீடு, உங்கள் செலவு" என்கிறது என்று. நேற்று பிளம்பர் சீலிங்கைச் சாப்பாட்டுத் தட்டளவு வெட்டிப் பார்த்தார். என் குழாய் காய்ந்து கிடந்தது. ஒழுகியது எல்லா மாடிக்கும் பொதுவான கழிவுக் குழாயின் இணைப்பு.

அப்புறம்தான் சங்கத்தின் விதிப் பத்திரத்தைப் புரட்டினேன் (முதலிலேயே செய்திருக்க வேண்டும்). ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் குழாய் உரிமையாளர் பொறுப்பு. பல வீடுகளுக்குப் போவது சுவருக்குள் இருந்தாலும் பொது. போட்டோவோடு அந்தப் பக்கத்தையும் அனுப்பியதும் ஒப்புக்கொண்டார்கள்.

டவுன்ஹவுஸ்காரர்கள் (பக்கச் சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கூரையே உங்களுடையதாக இருக்கலாம், பத்திரத்தைப் பாருங்கள்.

பெயின்ட் செலவு என் தலையில். வெட்டிய ஓட்டையை யார் அடைப்பது என்று இன்னும் பேச்சு ஓடுகிறது.